கையில் கோல் இருந்தது, எதிரே இசைக்குழு இல்லை

1933-ஆம் ஆண்டு, நியூயார்க். அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம். வேலையிழந்த இசைக்கலைஞர்களைத் திரட்டி ஓர் இசைக்குழு அமைத்திருந்தார்கள். புகழ்பெற்ற மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அந்தக் குழுவை நடத்த ஓர் இளம்பெண்ணுக்கு வாய்ப்புக் கிடைத்தது. முதல் கச்சேரி நடந்தது. இரண்டாவதும் நடந்தது. மூன்றாவதில் பாட வேண்டியவர் ஜான் சார்ல்ஸ் தாமஸ், அன்றைய அமெரிக்காவில் பெரிய பாடகர். ஒரு பெண் கோல் பிடிக்கும் மேடையில் நான் பாட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். மூன்றாவது கச்சேரி அந்தப் பெண்ணுக்கு இல்லாமல் போயிற்று.

அவர் பெயர் அன்டோனியா பிரிக்கோ. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொட்டிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்புதான் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தியிருந்தார். உலகிலேயே மிகச் சிறந்த இசைக்குழுக்களில் ஒன்று என்று அன்றும் இன்றும் பேசப்படும் குழு அது. அங்கே வாசித்தவர்களுக்கு இருந்திராத தயக்கம் இங்கே ஒரு பாடகருக்கு வந்துவிட்டது.

பிரிக்கோவின் கதையைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் 'கண்டக்டர்' என்றால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர்தான் நினைவுக்கு வருவார். 'நடத்துநர்' என்று தூய தமிழில் எழுதினாலும் பேருந்துதான் வந்து நிற்கிறது. 'ஆர்கெஸ்ட்ரா' என்ற சொல்லும் அப்படித்தான்; நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் அது கீபோர்டும் பேடும் வைத்துச் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழு. நான் இங்கே சொல்வது வேறு. வயலின் வகைகள், குழல்கள், எக்காளங்கள், முரசுகள் என எண்பது தொண்ணூறு பேர் உட்கார்ந்து வாசிக்கும் மேற்கத்திய சிம்பொனி இசைக்குழுவும், அதன் முன்னால் ஒரு சிறு மேடையில் நின்று கோலை அசைப்பவரும். இசை நடத்துநர் என்றே இனி எழுதுகிறேன்.

அந்த ஆள் அங்கே நின்று என்னதான் செய்கிறார் என்று பலருக்கும் ஐயம் உண்டு. கருவியில் கை வைக்காமல் கைதட்டல் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறாரே! 2025 மார்ச் 8-ஆம் தேதி, அனைத்துலகப் பெண்கள் நாளன்று, லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது இந்தக் கேள்வி நம் வீடுகளிலும் எழுந்திருக்கும். இசையை எழுதியவர் இளையராஜா. ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் வாசித்தார்கள். கோல் பிடித்து நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். எழுதுபவர் வேறு, வாசிப்பவர் வேறு, நடத்துபவர் வேறு.

எண்பது பேரில் ஒவ்வொருவர் முன்னாலும் இருப்பது அவரவர் வாசிக்க வேண்டிய பகுதி மட்டும். பக்கத்து வரிசையில் உள்ளவர் என்ன வாசிக்கப் போகிறார் என்பது தாளில் இருக்காது. எல்லாருடைய வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட முழுக் குறிப்பு நடத்துநரிடம் மட்டுமே இருக்கும். அவருடைய வலக்கை தாளத்தைக் காட்டும்: நான்கு எண்ணிக்கை கொண்ட தாளம் என்றால் கோல் கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. இடக்கை, யார் உயர வேண்டும், யார் தணிய வேண்டும், யார் இப்போது நுழைய வேண்டும் என்று சொல்லும். முக்கியமான செய்தி என்னவென்றால், ஒலி பிறப்பதற்கு ஒரு நொடி முன்னதாகவே அந்த அசைவு வந்தாக வேண்டும். கோல் மேலே எழும் விதத்திலேயே வேகமும் கனமும் அடங்கியிருக்கும். ஆனால் உண்மையான வேலை மேடையில் இல்லை, ஒத்திகையில்தான். இந்த இடத்தில் எக்காளம் வயலினை மூழ்கடிக்கிறது, அந்த இடத்தில் மூச்சு விடாதீர்கள் என்று திருத்தித் திருத்தி, ஒரு தாளில் கிடக்கும் புள்ளிகளை ஒரே கருத்துள்ள இசையாக்குவது அவர் பொறுப்பு. அதாவது, தம்மைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த பல கலைஞர்களைப் பார்த்து, 'இப்படி வேண்டாம், அப்படி வாசியுங்கள்' என்று சொல்லும் அதிகாரம். பெண்ணிடம் கொடுக்க மறுத்தது கோலை அல்ல, அந்த அதிகாரத்தைத்தான்.

பிரிக்கோ 1902 ஜூன் 26-ஆம் தேதி நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பிறந்தவர். தாய் மணமாகாதவர். குழந்தையை வளர்ப்புப் பெற்றோர் எடுத்துக்கொண்டு, 1908-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேறு பெயரில் அவர் வளர்ந்தார்; தம் உண்மைப் பெயரைப் பின்னாளில்தான் மீட்டுக்கொண்டார். வளர்ந்த வீடு அன்பான வீடு அல்ல என்பதை அவரே பின்னர்ச் சொல்லியிருக்கிறார். பியானோ அவர் வாழ்வில் வந்த விதம் வேடிக்கையானது. சிறுமி ஓயாமல் நகம் கடித்தாள். மருத்துவரிடம் காட்டினார்கள். கைகளுக்கு வேலை கொடுங்கள், பியானோ கற்றுக்கொடுங்கள் என்றார் அவர். நகம் கடிப்பதைத் தடுக்கப் போட்ட வழி, பெர்லின் வரை போய்ச் சேர்ந்தது.

பத்து வயது இருக்கும்போது ஓக்லண்ட் நகரப் பூங்காவில் பால் ஸ்டைன்டோர்ஃப் என்பவர் வாத்தியக் குழுவை நடத்துவதைப் பார்த்தார். வாசிப்பவர்களைப் பார்க்காமல், நடத்துபவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று அன்றே மனத்தில் விழுந்துவிட்டது. அதே ஸ்டைன்டோர்ஃப் பின்னாளில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். 1923-இல் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது. ஆனால் இசை நடத்துவதைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அன்று ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும். 1927-இல் பெர்லின் அரசு இசைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே இசை நடத்துநருக்கான உயர்நிலை வகுப்பில் 1929-இல் தேறினார். அந்த வகுப்பில் தேறிய முதல் அமெரிக்கர் அவர்தாம். முதல் அமெரிக்கப் பெண் என்று எழுதவில்லை, முதல் அமெரிக்கர் என்றே எழுதுகிறேன். ஆண்களும் அதற்கு முன் தேறவில்லை.

அவருடைய ஆசான் கார்ல் முக் என்ற ஜெர்மானியர். இந்த மனிதரைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திவந்த அவரை, முதல் உலகப் போரின்போது, 1918-இல், எதிரி நாட்டவர் என்று சொல்லி அமெரிக்க அரசு கைது செய்து முகாமில் அடைத்தது. போர் முடிந்ததும் நாடு கடத்தியது. அமெரிக்காவில் அவ்வளவு பட்டவர், பத்தாண்டுகள்கூட ஆகாத நிலையில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்ணை மாணவியாக ஏற்றுக்கொண்டார். பெண்ணுக்கு எதற்கு இது என்று கேட்க அவருக்குக் காரணம் கிடைக்காமல் இல்லை. அவர் கேட்கவில்லை.

1930-இல் பெர்லின் பில்ஹார்மோனிக் முன் பிரிக்கோ நின்றார். பெர்லின் பத்திரிகைகள் நன்றாகவே எழுதின. ஆண் நடத்துநர்கள் சிலரைவிடத் திறமைசாலி என்று சொன்ன விமர்சனமும் வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கிலும் நடத்தினார். கோல் பிடித்த முதல் பெண் அவர் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலேயரான எதெல் லெகின்ஸ்கா 1925-லேயே நியூயார்க்கில் நடத்தியிருந்தார். எனினும், முறையாகக் கற்றுத் தேறி, இதுவே என் தொழில் என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டிய பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அப்படித் தட்டியபோதுதான் 1933-இல் அந்தப் பாடகர் குறுக்கே வந்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் காலத்துப் பெரிய இசைக்குழுக்களில் பெண்கள் அரிது. ஹார்ப் என்னும் யாழ்வகைக் கருவி வாசிப்பவராக எப்போதாவது ஒருவர் இருப்பார். இசைப் பள்ளிகளில் பயின்ற பெண்களோ ஏராளம். வயலின் மட்டுமல்ல, டிராம்போனும் முரசும் கற்றவர்கள் இருந்தார்கள். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிரிக்கோ அவர்களைத் திரட்டினார். நியூயார்க் பெண்கள் சிம்பொனி இசைக்குழு உருவாகி 1935-இல் மேடையேறியது. நகர மேயர் லாகார்டியாவும் அதிபரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட்டும் ஆதரவாக நின்றார்கள். பித்தளைக் கருவிகளை ஊதப் பெண்ணுக்கு மூச்சு போதாது என்று சொல்லிவந்தவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல இருந்தது.

1938 ஜூலையில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவையும் அவர் நடத்தினார். அக்குழுவை நடத்திய முதல் பெண் அவர். ஆனால் எங்கே என்று கவனியுங்கள்: கார்னகி அரங்கின் முதன்மைப் பருவத்தில் அல்ல, லூயிசன் திறந்தவெளி அரங்கின் கோடைக்காலக் கச்சேரியில். பள்ளியில் தேர்வுக் காலத்தில் தலைமை கொடுக்காமல், விளையாட்டுப் போட்டி நாளன்று மட்டும் கொடுப்பார்களே, ஏறக்குறைய அப்படி.

மறு ஆண்டு பிரிக்கோ ஒரு முடிவெடுத்தார். பெண்கள் குழுவில் ஆண்களையும் சேர்த்தார். பிரிக்கோ சிம்பொனி என்று பெயர் மாற்றினார். பெண்களும் ஆண்களும் கலந்து வாசிப்பதே இயல்பு, பெண்கள் தனியாக வாசிக்க முடியும் என்று காட்டியதெல்லாம் அந்த இடத்துக்கு வருவதற்குத்தான் என்பது அவர் எண்ணம். நேர்மையான எண்ணம்தான். ஆனால் ஆதரவு வற்றியது. முற்றிலும் பெண்களே வாசிக்கும் குழு என்றால் வேடிக்கை பார்க்கப் பணம் கொடுத்தவர்கள், பெண் நடத்தும் சாதாரண நல்ல இசைக்குழு என்றதும் கையை மடக்கிக்கொண்டார்கள். அவர்கள் இசையைக் கேட்க வரவில்லை, புதுமையைப் பார்க்க வந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குழு நிலைக்கவில்லை.

1942-இல் அவர் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குப் போனார். அந்நகர சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் பதவி காலியானபோது அது தமக்குக் கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. 1946-இல் பின்லாந்தின் மாபெரும் இசையமைப்பாளர் ஜான் சிபெலியுஸ் அழைத்து, ஹெல்சிங்கி இசைக்குழுவை அவர் நடத்தினார். நாற்பது வயதுக்குள் பெர்லினையும் நியூயார்க்கையும், பிறகு ஹெல்சிங்கியையும் பார்த்துவிட்டவருக்கு, தான் குடியிருந்த ஊரின் இசைக்குழுவில் இடமில்லை.

பிறகு என்ன செய்தார்? பியானோ வகுப்பு நடத்தினார். 1940-களின் இறுதியிலிருந்து டென்வர் வணிகர்கள் இசைக்குழு என்ற ஓர் அமைப்பை நடத்தினார். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கருவியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் குழு அது. அவர்களை வைத்துக்கொண்டு முப்பதாண்டுகளுக்கு மேல் மொட்சார்ட்டும் பீத்தோவனும் வாசிக்க வைத்தார். ஆண்டுக்கு நான்கைந்து கச்சேரிகள்தான்.

அவரிடம் பியானோ கற்ற சிறுமிகளில் ஒருத்தி ஜூடி காலின்ஸ். பதின்மூன்று வயதில் பிரிக்கோவின் இசைக்குழுவோடு இரட்டைப் பியானோவுக்கான மொட்சார்ட் இசையை வாசித்தவள். ஆசிரியை அவள்மேல் பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். அவளோ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாட்டுப்புறப் பாடல் பக்கம் போய்விட்டாள். உலகப் புகழ் பெற்றாள். பின்னொரு நாள் தம் கச்சேரிக்கு வந்த பிரிக்கோ, தம் கைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'நீ எவ்வளவோ முன்னுக்கு வந்திருக்கலாமே' என்ற பொருள்படச் சொன்னதை காலின்ஸ் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார். நம் வீட்டுப் பாட்டி வாத்தியார்கள் நினைவுக்கு வரவில்லையா?

அந்த மாணவிதான் குருவுக்குக் கடன் தீர்த்தார். ஜில் காட்மிலோ என்ற இயக்குநரோடு சேர்ந்து காலின்ஸ் எடுத்த 'அன்டோனியா: எ போர்ட்ரெயிட் ஆஃப் தி வுமன்' என்ற ஆவணப்படம் 1974-இல் வெளிவந்தது. ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2003-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அந்தப் படத்தில், எழுபதைக் கடந்த பிரிக்கோ உடைந்துபோய்ப் பேசும் கட்டம் ஒன்று இருக்கிறது. வயலின்காரருக்கு வாய்ப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் வயலின் இருக்கிறது. பியானோக்காரருக்குப் பியானோ இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கலாம், கை பழகும். நடத்துநரின் கருவி இசைக்குழு. எண்பது பேர் எதிரே இல்லாவிட்டால் அவரால் பயிற்சிகூடச் செய்ய முடியாது. மாதத்துக்கு ஐந்து கச்சேரி நடத்தும் வலிமை உள்ள தமக்கு ஆண்டுக்கு ஐந்துதான் என்ற ஆற்றாமையை அவர் அங்கே கொட்டுகிறார்.

இந்த ஒரு செய்திக்காகவே பிரிக்கோவின் வாழ்க்கையை நம் வயதினர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எழுதத் தடை போட்டால் ரகசியமாக எழுதலாம். பாடத் தடை போட்டால் குளியலறையில் பாடலாம். பிறர் சேர்ந்து உழைத்தால் மட்டுமே உருவாகும் கலையில் தடை போட்டால், திறமை இருக்கிறதா இல்லையா என்பதை நிரூபிக்கவே வழி இல்லாமல் போகிறது. அதன் பிறகு, 'பெண்களில் நல்ல நடத்துநர் யாரும் இல்லையே' என்று சொல்வது எளிது.

படம் வெளிவந்ததும் மறந்துபோனவர்களுக்கு நினைவு வந்தது. 1975-இல் நியூயார்க் லிங்கன் சென்டரின் மொட்சார்ட் விழாவில் நடத்த அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 73. வேறு ஊர்களிலிருந்தும் அழைப்புகள் வந்தன. ஒரு நடத்துநரின் நல்ல பருவமாகிய நாற்பதும் ஐம்பதும் அதற்குள் கழிந்துவிட்டிருந்தன. 1989 ஆகஸ்ட் 3-ஆம் தேதி டென்வரில் காலமானார். அவர் வளர்த்த அந்த மாலைநேரக் குழு பல பெயர் மாறி, டென்வர் பில்ஹார்மோனிக் என்ற பெயரில் தொடர்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் இசையில் கோல் பிடித்த நடத்துநர் இல்லை என்பது பாதி உண்மைதான். பாட்டுக் கச்சேரியில் பாடகரே தொடையில் தாளம் போட்டுக்கொள்வார். மிருதங்கமும் வயலினும் அவரைப் பார்த்துக்கொண்டே போகும். ஆனால் பரதநாட்டிய மேடையின் ஓரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பாடகர், மிருதங்கக் கலைஞர், வயலின் அல்லது குழல் கலைஞர் என்று ஒரு வரிசை. அதில் கையில் இரண்டு சிறு தாளங்களை வைத்துக்கொண்டு, ஆடுபவரின் காலையே பார்த்தபடி சொற்கட்டு சொல்லும் ஒருவர் இருப்பார். எப்போது வேகம் கூட வேண்டும், தீர்மானம் எங்கே முடிய வேண்டும், பாடகர் எந்த வரியை இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். ஆடுபவர் ஒரு எண்ணிக்கை தவறினால் மற்றவர்களைச் சைகையால் இழுத்துப் பிடித்து, பார்ப்பவருக்குத் தெரியாமல் சரிசெய்பவரும் அவரே. அவர்தாம் நட்டுவனார். ஒத்திகையில் அவர் கையிலும் கோல் உண்டு. தட்டுக்கழி என்பார்கள், மரமனையில் தட்டித் தாளம் சொல்வது. இசை நடத்துநருக்கு நம்மிடம் உள்ள பெயர் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த இடமும் நீண்ட காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. ஆடுபவர் பெண், ஆட்டுவிப்பவர் ஆண். தஞ்சை வட்டாரத்தில் பந்தநல்லூர், வழுவூர் என்று ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மரபுகளெல்லாம் நட்டுவனார்களின் மரபுகள். நாட்டியத்தை முழுமையாக அறிந்த பெண்கள் அந்தக் குடும்பங்களிலேயே இருந்தும், சபையில் தாளத்தைக் கையில் எடுப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

அதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கே. ஜே. சரசா. வழுவூர் பி. இராமையா பிள்ளையின் மாணவி. ஆடக் கற்றதோடு நில்லாமல் நட்டுவாங்கத்தையும் கற்று, ஆண்களே அமர்ந்த இடத்தில் அமர்ந்தார். தொழில்முறையாக நட்டுவாங்கம் செய்த முதல் பெண் என்று நாட்டிய உலகம் அவரைக் குறிப்பிடுகிறது. சென்னையில் நூற்றுக்கணக்கான மாணவியரை உருவாக்கினார். பின்னாளில் தமிழக முதல்வரான ஜெயலலிதாவும் அவரிடம் நாட்டியம் கற்றவரே. ஆனால் ஒரு செய்தியைப் பாருங்கள்: ஜெயலலிதாவின் ஆசிரியை என்றால் பலருக்கும் தெரிகிறது, பெண்களுக்கு ஒரு புது இருக்கையை ஏற்படுத்திக் கொடுத்தவர் என்றால் நாட்டியம் பயில்பவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. 2012 ஜனவரியில் அவர் மறைந்தார். ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவும் பெண்களுக்கு நட்டுவாங்கம் கற்றுக்கொடுத்ததால் இந்த மாற்றம் வேகம் பிடித்தது.

இன்று ஜொகூர் பாருவிலோ கூலாயிலோ ஓர் அரங்கேற்றத்துக்குப் போனால், ஓரத்தில் தாளத்தோடு அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியையாகவே இருப்பார். யாரும் அதை வியப்பாகப் பார்ப்பதில்லை. நம் பள்ளிகளின் பஞ்சராகக் குழுக்களில் முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு நடக்கும் மாணவியையும் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

சிம்பொனி உலகம் இதில் நம்மைவிட மெதுவாகவே நகர்ந்தது. நியூயார்க் பில்ஹார்மோனிக் தன் வரிசையில் ஒரு பெண்ணை, டபுள் பேஸ் வாசிக்கும் ஓரின் ஓபிரையனை, முழுநேரக் கலைஞராகச் சேர்த்தது 1966-இல்தான். வியன்னா பில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக ஏற்க 1997 ஆயிற்று. இந்தத் தடைகளை உடைத்ததில் ஓர் எளிய உத்திக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கக் குழுக்கள் 1970-களிலிருந்து தேர்வின்போது வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை கட்டத் தொடங்கின. யார் என்று தெரியாமல் இசையை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்தபோது பெண்களின் எண்ணிக்கை ஏறியது. ஆனால் நடத்துநருக்குத் திரை கட்ட முடியாதே! கையையும் முகத்தையும் பார்த்துத்தானே வாசிக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, வாசிக்கும் நாற்காலி கிடைத்த பின்னும் நடத்தும் மேடை கிடைக்கப் பெண்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

மரின் ஆல்சாப் என்ற அமெரிக்கர் சிறுமியாக இருந்தபோது லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசை நடத்துவதைப் பார்த்து ஆசைப்பட்டார். பெண்கள் அதைச் செய்வதில்லை என்றார் அவருடைய வயலின் ஆசிரியர். 2005-இல் பால்டிமோர் சிம்பொனி இசைக்குழுவின் இயக்குநராக அவர் அறிவிக்கப்பட்டபோது, அந்தக் குழுவின் கலைஞர்களே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் ஓடவில்லை. நேரில் போய் அவர்களிடம் பேசினார். 2007-இல் பொறுப்பேற்று, அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணாகி, 2021 வரை நடத்தினார். இடையில் 2013-இல் லண்டன் பிராம்ஸ் விழாவின் கடைசி இரவை நடத்திய முதல் பெண் என்ற பெயரும் அவருக்கு வந்தது. அவர் விலகியபோது அமெரிக்காவின் முன்னணிக் குழுக்கள் இருபத்தைந்தில் ஒன்றுக்குக்கூடப் பெண் தலைமை இல்லை. 2022-இல் அட்லாண்டா குழுவுக்கு நத்தலி ஸ்டுட்ஸ்மன் வந்த பிறகே அந்த இடம் மீண்டும் நிரம்பியது. ஒருவர் நுழைந்தால் கதவு திறந்துவிட்டது என்று பொருளில்லை போலும்.

நமக்கு அணுக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. துபாய் எக்ஸ்போவை ஒட்டி 2021-இல் அரங்கேறிய ஃபிர்தௌஸ் இசைக்குழு முற்றிலும் பெண்களால் ஆனது. அரபு நாடுகளின் கலைஞர்கள். அதற்கு வழிகாட்டி நம் ஏ. ஆர். ரகுமான். அவர் அங்கே கோலைத் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அரங்கேறியபோது நடத்துநராக இருந்தவர் லெபனானைச் சேர்ந்த யாஸ்மினா சப்பா. இணையத்தில் அவர்களின் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது ரகுமானைத் தேடாமல், நடுவில் நிற்கும் அந்தப் பெண்ணின் கைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மேலே சொன்ன கீழே, இடம், வலம், மேலே எல்லாம் தெரியும்.

நம் நாட்டில் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் கச்சேரி 1998 ஆகஸ்ட் 17-ஆம் தேதி இரட்டைக் கோபுரத்தின் அரங்கில் நடந்தது. 2007 முதல் அதன் இளையோர் குழுவும் மேடையேறி வருகிறது. நாடு முழுவதிலுமிருந்து தேர்வு வைத்தே ஆள் எடுக்கிறார்கள். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசையைப் பட்டப்படிப்பாகவே பயிலலாம். எஸ்.பி.எம். முடித்துவிட்டு, கணக்கியலா மருத்துவமா என்று வீட்டில் பேச்சு நடக்கும்போது இந்தப் பெயரையும் மேசையில் வைத்துப் பார்க்கலாம். வயலினோ புல்லாங்குழலோ ஐந்தாறு ஆண்டு கற்ற தமிழ் மாணவியர் ஜொகூரில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து நாற்காலிக்காரர் எப்போது நுழைகிறார் என்று காதைத் தீட்டிக் கேட்பவராக இருந்தால், நூலகத்தில் ஏதாவது ஒரு சிம்பொனியின் முழுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். பீத்தோவனின் ஐந்தாவது எங்கும் கிடைக்கும். முதல் பக்கத்தைத் திறந்தால் ஓர் ஆச்சரியம்: எல்லாருக்கும் தெரிந்த அந்த நான்கு சுரங்களுக்கு முன்னால் ஓர் ஓய்வுக் குறி இருக்கிறது. அந்த மௌனத்தை யாரும் வாசிப்பதில்லை. நடத்துநரின் கை மட்டும்தான் அதைக் காட்டும்.